ஒரு நாளில் ஒரு தலைநகரம்

ஊர் காணச் செல்வோருள் இரு வகையினர் உண்டு. பார்த்த இடங்களை எண்ணிச் சொல்ல விரும்புவோர் ஒரு வகையினர். பார்த்தவற்றின் பொருளை அறிய விரும்புவோர் மற்றொரு வகையினர். பல நாள் தங்கும் வாய்ப்பு உடையவர்க்கு இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. முதல் நாள் விரைந்து அலைந்தாலும், மறுநாள் அமைதியாகக் காணலாம். ஒரே நாள் வாய்க்கப் பெற்றவர்க்கோ இவ்வேறுபாட்டைப் பொறுத்தே பயணத்தின் பயன் அமைகிறது. கால் களைத்து வீடு திரும்புவதா, கருத்து நிறைந்து திரும்புவதா என்பதை அவர் புறப்படும் முன்னரே முடிவு செய்தாக வேண்டும்.

ஐரோப்பாவின் தலைநகரங்களைக் காணச் செல்வோர் பலருக்கு இத்தகைய ஒற்றை நாளே கிடைக்கிறது. தொழில் நிமித்தமாகவோ பயிற்சிக்காகவோ சென்றவர், ஊர் திரும்புவதற்கு முன் எஞ்சும் ஒரு விடுமுறை நாளில் பாரிஸையோ லண்டனையோ ரோமையோ பார்க்கப் புறப்படுகிறார். கையில் ஒரு நீண்ட பட்டியல். 1889-இல் எழுப்பப்பட்ட ஐபெல் கோபுரம் அதில் முதலாவது. லூவர் அருங்காட்சியகம் இரண்டாவது. அதற்குப் பின் இன்னும் பத்து இடங்கள். லூவரில் மட்டும் ஏறத்தாழ 35,000 கலைப்பொருள்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று கணக்கிட்டாலும், உண்ணாமலும் உறங்காமலும் 24 நாட்கள் தொடர்ந்து பார்க்க வேண்டும். அங்கே ஒரு மணி நேரம் ஓடித் திரிந்தவர், 'லூவரைப் பார்த்தேன்' என்று கூறுவது கடற்கரையில் கால் நனைத்தவர், 'கடலைக் கடந்தேன்' என்று கூறுவதை ஒக்கும்.

அவ்வொரு நாளை வேறு வகையிலும் கழிக்கலாம். பாரிஸை அடுத்த வெர்சாய் அரண்மனையில் கண்ணாடி மண்டபம் ஒன்று உள்ளது. 357 கண்ணாடிகள் பதிக்கப்பட்ட அம்மண்டபம் 1684-இல் முடிவுற்றது. அக்கண்ணாடிகளைச் செய்தளித்தது 1665-இல் பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் நிறுவப்பட்ட அரசக் கண்ணாடித் தொழிற்சாலை. அத்தொழிற்சாலையின் வழிவந்ததே இன்றைய செயின்ட் கோபைன் நிறுவனம். அந்நிறுவனத்தின் ஆலை ஒன்று தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணாடி செய்து வருகிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து செல்லும் ஓர் இளைஞர் இச்செய்தியை முன்னரே அறிந்து சென்றால், அம்மண்டபம் அவருக்கு அயல்நாட்டு அரசர் ஒருவரின் ஆடம்பரமாக மட்டும் தோன்றாது. தம் ஊரில் உருகி ஓடும் கண்ணாடிக் குழம்புக்கும் அச்சுவரில் பளபளக்கும் கண்ணாடிக்கும் இடையே 300 ஆண்டுக் காலத் தொழில் வரலாறு நீண்டு கிடப்பதை அவர் உணர்வார். அறிந்து சென்ற கண்ணுக்கு ஒரு மண்டபமே ஒரு நாளுக்குப் போதுமானதாகி விடும்.

வெளிநாட்டுத் தலைநகரைக் காணும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதன்று. ஆயினும் ஒரு நாளில் ஒரு தலைநகரைக் கண்டுவரும் வாய்ப்பு, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் வாழும் ஒவ்வொரு மாணவர்க்கும் உண்டு. அத்தலைநகர் காஞ்சிபுரம். பல்லவப் பேரரசின் தலைநகராக விளங்கிய அவ்வூர், இன்று ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அடங்கிய மாவட்டத்தின் தலைநகராக இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவு. காலையில் பேருந்து ஏறினால் வெயில் ஏறுமுன் போய்ச் சேரலாம்.

இவ்வட்டாரம் கடந்த முப்பது ஆண்டுகளில் பெரிதும் மாறியுள்ளது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் கார்களைச் செய்யத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோவும் நிஸ்ஸானும் கூட்டாக அமைத்த ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. டைம்லரின் சரக்குந்து ஆலை 2012-இல் அங்கே எழுந்தது. வல்லம் வடகாலில் மின்னணு ஆலைகளில் பணிபுரியும் பெண்களுக்காக 18,720 பேர் தங்கும் பெருவிடுதி ஒன்றை 2024-இல் தமிழ்நாடு அரசு திறந்தது. இராமானுசர் பிறந்த ஊர் என்று பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்றிருந்த ஸ்ரீபெரும்புதூர், இப்பொழுது உலகின் பல நாடுகளுக்குப் பொருள் செய்து அனுப்பும் ஊர் என்றும் பெயர் பெற்றுள்ளது. ஏரிக்கரைகளின் ஓரமாக எழுந்துள்ள இவ்வாலைகளில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் பணிபுரிகின்றனர். முறைமாற்றிப் பகலும் இரவும் உழைக்கும் அவர்களுக்கு வாரத்தில் ஒரு நாளே ஓய்வு. அந்த ஒரு நாளில்தான் துணி துவைக்க வேண்டும். வீட்டாருடன் தொலைபேசியில் பேச வேண்டும். உலகத்தையும் பார்க்க வேண்டும். அவர்தம் பிள்ளைகளின் பள்ளிச் சுற்றுலாவும் பெரும்பாலும் ஒரு நாளில் முடிவதே.

ஆதலின், ஒரு நாளை எவ்வாறு பயன்படுத்துவது என்னும் வினா இவ்வட்டாரத்தாருக்குப் பொழுதுபோக்கு வினா அன்று. கிடைப்பது ஒரு நாளே. அதனைச் சிதறவிட்டால் அடுத்த நாள் எப்பொழுது வாய்க்கும் என்பது எவர்க்கும் தெரியாது.

இன்று அந்நாள் பெரும்பாலும் எவ்வாறு கழிகிறது? விடியுமுன் பேருந்து புறப்படுகிறது. எட்டு மணிக்குள் ஒரு கோயில், ஒன்பதரைக்குள் இன்னொரு கோயில், பதினொன்றுக்குள் மூன்றாவது கோயில் என்று நேரம் பங்கிடப்படுகிறது. ஒவ்வொரு வாயிலிலும் ஒரு நிழற்படம். நண்பகலில் கோயில்களின் நடை சாத்தப்பட்டு விடும். மாலை நான்கு மணி அளவில்தான் மீண்டும் திறக்கும். அதனை எதிர்பாராதவர்கள் வெயிலில் நின்று சோர்கின்றனர். பின்பு ஒரு பட்டுக்கடை. அதன்பின், 'இவ்வளவு தூரம் வந்தாயிற்றே' என்று மாமல்லபுரத்துக்கும் ஓர் ஓட்டம். இரவில் வீடு திரும்பிய பிள்ளையிடம், "காஞ்சியில் என்ன கண்டாய்?" என்று கேட்டால், "கோயில்கள்" என்பதே விடை. எந்தக் கோயிலில் எந்தச் சிற்பம் என்று கேட்டால் விடை இல்லை. கோபுரங்கள் ஒன்றோடொன்று கலந்து, நினைவில் ஒரே கோபுரமாகி விடுகின்றன.

இம்முறைக்கு ஆதரவாகப் பேசுவோரும் உளர். "ஏழை வீட்டுப் பிள்ளை வாழ்நாளில் ஒருமுறை போகிறான். அவனுக்கு எல்லாவற்றையும் காட்டிவிடுவதுதானே முறை? எதை விட்டாலும் அது அவனுக்கு இழப்பன்றோ?" என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தில் பரிவு இருக்கிறது. அதனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால், எல்லாவற்றையும் காட்டும் முயற்சியில் ஒன்றும் மனத்தில் பதியாமற் போனால், அப்பிள்ளை இழப்பது ஓர் இடத்தை அன்று, ஊரையே இழக்கிறான். மேலும், காஞ்சி எட்டாத் தொலைவில் இருக்கும் ஊர் அன்று. ஒன்றை நன்றாகக் கண்டு மகிழ்ந்தவன் எஞ்சியதைக் காண மறுபடியும் வருவான். எல்லாவற்றையும் மேலோட்டமாகக் கண்டவனோ, 'பார்த்தாயிற்று' என்னும் எண்ணத்தால் மீண்டும் வரமாட்டான்.

நேர்த்திக்கடன் செலுத்த வருவோர் பல கோயில்களை ஒரே நாளில் வலம் வருவது வேறு. அவர்கள் நெஞ்சில் ஒரு நோக்கம் இருக்கிறது. அந்நோக்கமே அவர்தம் நாளை ஒன்றாக இணைத்துக் கட்டுகிறது. நோக்கம் இன்றி அவர்களைப் போல ஓடுவதுதான் பயனற்றது.

நோக்கத்தோடு செல்லும் முறையைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே அதற்குச் சான்று. பரிசில் பெற்று வரும் கலைஞன், வறுமையால் வாடி எதிரே வரும் மற்றொரு கலைஞனுக்கு வழிகாட்டி அனுப்புவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையன் ஆண்ட காஞ்சிக்கு வழிகாட்டும் நூல். கடியலூர் உருத்திரங்கண்ணனார் 500 அடிகளில் அதனைப் பாடியுள்ளார். அந்நூல் பாணனை நேரே காஞ்சிக்குக் கொண்டுபோய் நிறுத்துவதில்லை. உப்பு வணிகர் வண்டிகள் செல்லும் வழியையும், எயினர் குடியிருப்பையும், ஆயர் குடிலையும், உழவர் ஊரையும், வலைஞர் சேரியையும், துறைமுகப்பட்டினத்துக் கலங்கரை விளக்கத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. எந்த ஊரில் யார் வாழ்வர், அவர் எத்தொழில் செய்வர், விருந்தினர்க்கு எவ்வுணவு இடுவர் என்பனவற்றைச் சொல்லிச் சொல்லி இறுதியில் நகர்க்குள் அழைத்துச் செல்கிறது. வழியில் வாழும் மக்களை அறியாதவன் தலைநகரை அறியமாட்டான் என்பது அந்நூல் கற்பிக்கும் பாடம். ஒரு கோபுரத்திலிருந்து மற்றொரு கோபுரத்துக்கு ஓடும் இக்காலச் சுற்றுலாவினர் மறந்துவிட்ட பாடமும் அதுவே.

இனி, காஞ்சியில் ஒரு நாளைக் கழிக்கத்தக்க முறை ஒன்றைக் கருதிப் பார்க்கலாம். இரண்டு கோயில்கள், ஒரு தெரு. இவை போதும்.

காலைப்பொழுதில் காண வேண்டுவது நகரின் மேற்கே அமைந்த கைலாசநாதர் கோயில். இராசசிம்மன் என்று புகழ்பெற்ற இரண்டாம் நரசிம்மவர்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனைக் கட்டினான். மணற்கல்லால் ஆகிய கோயில், உயரத்தால் மருட்டுவதன்று. திருச்சுற்றைச் சூழ்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட சிற்றாலயங்கள் வரிசையாக நிற்கின்றன. விரைந்து செல்பவர் இவற்றை ஒரு மதிற்சுவர் என்றே எண்ணிக் கடந்துவிடுவர். ஒவ்வொன்றின் உள்ளும் குனிந்து பார்ப்பவர்க்குத்தான் சுதைப்பூச்சின் மேல் மங்கிய வண்ணங்கள் தென்படும். பல்லவர் காலத்து ஓவியங்களின் எச்சங்கள் அவை. புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் ழூவோ துப்ரேய் 1931-இல் அவற்றைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். அதற்குமுன் அக்கோயிலுக்குள் எத்தனையோ ஆயிரம் பேர் வந்து சென்றிருப்பர். வண்ணம் அங்கேயேதான் இருந்தது. நின்று பார்க்கும் கண்தான் வர வேண்டியிருந்தது.

இக்கோயிலின் முன்மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு ஒன்று உள்ளது. தமிழகத்துத் தலைநகரின் கோயிலில் கன்னடக் கல்வெட்டு எவ்வாறு வந்தது? சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் எட்டாம் நூற்றாண்டில் பல்லவரை வென்று காஞ்சிக்குள் புகுந்தான். பல்லவர்க்கும் சாளுக்கியர்க்கும் தலைமுறை தலைமுறையாகப் பகை. முன்னொரு காலத்தில் பல்லவர் சாளுக்கியத் தலைநகராகிய வாதாபியை அழித்திருந்தனர். ஆதலின் காஞ்சி எரியூட்டப்படும் என்று மக்கள் அஞ்சியிருத்தல் இயல்பே. ஆனால், அவன் நகரை அழிக்கவில்லை. கோயிலின் செல்வத்தைக் கவர்ந்து செல்லாமல் கோயிலுக்கே திரும்ப அளித்தான். அச்செய்தியையே அத்தூணில் பொறித்துச் சென்றான். அவன் நாட்டில் பட்டடக்கல் என்னும் ஊரில் அவன் அரசி லோகமாதேவி எடுப்பித்த விரூபாட்சர் கோயில், காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் அமைப்பைப் பெரிதும் ஒத்திருக்கிறது. பகைவனாக நகருக்குள் நுழைந்தவன் அதன் கலையை உள்ளத்தில் ஏந்தித் திரும்பினான். ஒரு நகரைக் காண்பது எவ்வாறு என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

நண்பகலில் கோயில்கள் மூடியிருக்கும் நேரத்தை இழப்பாகக் கருத வேண்டுவதில்லை. அது மக்களைக் காண்பதற்கு உரிய நேரம். நெசவாளர் தெரு ஒன்றில், முன்னரே இசைவு பெற்று, ஒரு வீட்டின் தறியருகே ஒரு மணி நேரம் அமர்ந்திருக்கலாம். கடையில் அடுக்கி வைத்த பட்டு விலையை மட்டுமே சொல்லும். தறியில் இருக்கும் பட்டு தன் பிறப்பைச் சொல்லும். கர்நாடகத்திலிருந்து பட்டு நூல் வருகிறது. குசராத்தின் சூரத்திலிருந்து சரிகை வருகிறது. இரண்டும் காஞ்சியின் குழித்தறியில் கூடுகின்றன. உடலுக்கு ஒரு வண்ணமும் கரைக்கு வேறொரு வண்ணமும் அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஒருவர் நெய்ய, மற்றொருவர் மறுபக்கம் அமர்ந்து கரை நாடாவை வாங்கிச் செலுத்த வேண்டும். இருவர் கையும் ஒரு கணம் பிசகினாலும் கரையும் உடலும் சேரும் இடத்தில் குறை தெரிந்துவிடும். அவ்வாறு நெய்த சேலையில் கரை கிழிந்தாலும் பிரியாது என்று கூறுவர். தறியின் மேலே துளையிட்ட அட்டைகள் கோத்துத் தொங்குகின்றன. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804-இல் அமைத்த முறை அது. துளை இருந்தால் நூல் எழும், இல்லையேல் எழாது. இவ்வெளிய முறையே பிற்காலத்தில் கணிப்பொறிக்கு ஆணைகளைத் துளையட்டையில் எழுதும் முறைக்கு முன்னோடியாயிற்று. மின்னணு ஆலைகளின் அருகே வளரும் மாணவர் இதனைத் தறியில் காணும்பொழுது, தம் ஊரையும் காஞ்சியையும் இணைக்கும் நூல் ஒன்று அவர் கைக்கு அகப்படுகிறது.

அத்தெருவில் மற்றொன்றும் கண்ணில் படும். தறி ஓடாத வீடுகளும் அங்கு உண்டு. நெசவாளர் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். மாதந்தோறும் உறுதியான சம்பளம், வருங்கால வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை ஆலை தருகிறது. தறியோ நாள் முழுதும் குனிந்து உழைத்தாலும் அந்த உறுதியைத் தருவதில்லை. அப்பிள்ளைகள் செய்தது தவறென்று கூறுவார் யார்? எனினும் ஆலை வேலையும் நிலைபேறு உடையது என்று சொல்ல இயலாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டதை இவ்வட்டாரம் அறியும். தலைமுறைகளாகக் கைக்கு வந்த தொழில் ஒருபுறம். மாதச் சம்பளம் மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு குடும்பம் எவ்வாறு முடிவு செய்கிறது என்பதை அத்தெருவில் அமர்ந்து கேட்டறியும் மாணவர், நூல்கள் பலவற்றில் கிடைக்காத பாடத்தைப் பெறுகிறார். ஆலையின் பக்கத்தில் வளர்பவர் தறியையும் பார்த்தால்தான், தம் வாழ்வின் இருபுறமும் அவருக்குத் தெரியும்.

மாலையில் நடை திறந்ததும் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குச் செல்ல வேண்டும். பரமேசுவர விண்ணகரம் என்பது இதன் பழம்பெயர். மூன்று கருவறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இக்கோயிலை எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மனாகிய பல்லவமல்லன் எடுப்பித்தான். இதன் திருச்சுற்று மாளிகையின் சுவர்களில் பல்லவர் வரலாறு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளது. சில சிற்பங்களுக்கு அருகே விளக்கக் கல்வெட்டும் உண்டு. சிங்கத்தூண்களின் ஊடே மாலை வெயில் சாய்ந்து விழும்பொழுது, அச்சிற்பங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கதைபோல் காணலாம்.

அக்கதை இதுதான். இராசசிம்மனின் மகன் இரண்டாம் பரமேசுவரவர்மனுக்குப் பின் அரியணை ஏறுவதற்கு உரியவர் இல்லை. நாட்டின் பெரியோர் ஒன்றுகூடி, பல்லவர் குடியின் மற்றொரு கிளையில் தோன்றிய இரணியவர்மனிடம் செல்கின்றனர். அவன் தன் மக்களை அழைத்து, "உங்களுள் யார் போவீர்?" என்று வினவுகிறான். மூத்தவர் மூவரும் மறுக்கின்றனர். இளையவனாகிய பல்லவமல்லன், "நான் போவேன்" என்கிறான். அப்பொழுது அவனுக்கு வயது பன்னிரண்டு. தந்தையின் நெஞ்சம் கலங்குகிறது. பின் விடை கொடுக்கிறது. மலைகளையும் ஆறுகளையும் காடுகளையும் கடந்து அச்சிறுவன் காஞ்சியை அடைகிறான். அங்கு அவனுக்கு முடி சூட்டப்படுகிறது. உயர்நிலைப் பள்ளியில் பயிலும் மாணவர் ஒருவர் இச்சிற்பத்தின் முன் நின்றால், தம் வயதினன் ஒருவன் ஒரு நாட்டின் சுமையை ஏற்கப் புறப்பட்டதைக் காண்பார்.

காலையில் கண்ட கன்னடக் கல்வெட்டு இப்பொழுது முழுப்பொருள் பெறுகிறது. விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றியபொழுது தோற்ற பல்லவ மன்னன் யார்? இதே பல்லவமல்லன்தான். வென்றவன் எழுதிய எழுத்து மேற்கேயுள்ள கோயிலின் தூணில் இருக்கிறது. தோற்றும் தளராமல் மீண்டும் எழுந்து, அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி நடத்தியவனின் கதை இக்கோயிலின் சுவரில் இருக்கிறது. ஒன்றைக் கண்டு மற்றொன்றைக் காணாதவர்க்குப் பாதி வரலாறே தெரியும். இரண்டையும் ஒரே நாளில், இடையில் ஓர் இளைப்பாறலோடு கண்டவர்க்கு ஒரு நூற்றாண்டின் வரலாறு உள்ளத்தில் பதிந்துவிடும். எட்டுக் கோயில்களைக் கண்டு திரும்பியவர்க்கு இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்க நேரம் ஏது?

இதற்காக விடவேண்டியவை பல என்பது உண்மையே. 1509-இல் கிருட்டிணதேவராயர் எழுப்பிய ஏகாம்பரநாதர் கோயிலின் இராசகோபுரம், வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபம், காமாட்சியம்மன் கோயில், அறிஞர் அண்ணாவின் நினைவு இல்லம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு நாளுக்கு உரியது. குடவோலைத் தேர்தல் முறையைக் கல்லில் பொறித்து வைத்துள்ள உத்திரமேரூர், மற்றொரு நாளுக்கு உரியது. விட்டவை குறைவென்று வருந்துவதற்கு இடமில்லை. வரவேண்டிய நாட்களுக்கு அவை முதலாக நிற்கின்றன.

இம்முறைக்கு வேண்டிய ஆயத்தம் பெரிதன்று. புறப்படும் முன் ஒரு வாரம், நாள்தோறும் அரைமணி நேரம், போகும் இடத்தைப் பற்றிப் படிக்க வேண்டும். 'இக்கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது? இத்தறி எவ்வாறு இயங்குகிறது?' என ஓரிரு வினாக்களை எழுதி எடுத்துச் செல்ல வேண்டும். வினா இன்றிச் செல்பவன் விடை எதிரில் நின்றாலும் காணமாட்டான். திரும்பிய அன்றிரவே, உறங்குமுன், கண்டதை ஒரு பக்கம் எழுத வேண்டும். 629-இல் சீனத்திலிருந்து புறப்பட்டு, 645-இல் நாடு திரும்பிய யுவான் சுவாங், காஞ்சியைப் பற்றியும் எழுதி வைத்தார். அந்நகர மக்கள் கல்வியைப் பெரிதும் மதிப்பவர் என்று குறித்தார். அவர் காலத்தில் பல நாடுகள் சுற்றிய வணிகர் எத்தனையோ பேர். அவர்கள் கண்டவை அவர்களோடு மறைந்தன. எழுதியவர் கண்டதே இன்றும் நிற்கிறது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டார மாணவர்க்கு இக்கடமையில் தனிப்பங்கு ஒன்று உண்டு. கொரியாவிலிருந்தும் சப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பொறியாளர் பலர் இவ்வாலைகளுக்கு வருகின்றனர். இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்து தொழிலாளர் வருகின்றனர். அவர்களுக்கும் ஓய்வு ஒரு நாளே. "இங்கே அருகில் காணத்தக்கது எது?" என்று அவர்கள் இவ்வூர் இளைஞரைத்தான் கேட்பர். "கோயில்கள் இருக்கின்றன" என்று சொல்லிக் கைகாட்டி விடுவதா? கன்னட மன்னனின் தூணையும், பன்னிரண்டு வயதுச் சிறுவனின் சிற்பத்தையும், இருவர் கை இசைந்து ஓடும் தறியையும் சொல்லி வழி கூறுவதா? பண்டைக் காலத்துப் பாணன் எதிர்வந்தவனுக்கு வழி கூறியது தான் சென்று கண்டதனால்தான். தன் மாவட்டத்தின் தலைநகரை ஒரு நாளேனும் நின்று கண்டுவந்த மாணவர், நாளை எவர் கேட்டாலும் அவ்வாறு வழி கூற வல்லவர் ஆவார். பிற்காலத்தில் பாரிஸோ லண்டனோ செல்லும் ஒற்றை நாள் அவருக்கு வாய்க்குமாயின், அன்று எதைக் காண்பது, எதை விடுவது என்பதையும் அவருக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியிராது.